வாசலில் பாதி வட்டம்

பிளேக் முகாம், குடிசை எண் ஆறு, புனே.
1897, சைத்ர மாதம், தேய்பிறை ஏழாம் நாள்.

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி மகாதேவராவ் லேலே அவர்களின் சமூகத்துக்கு, விஸ்வநாத் கானிட்கர் அநேக நமஸ்காரம். நான், மனைவி யமுனா, தங்களுக்கு மருமகளாக வரவிருக்கும் கோதாவரி மூவரும் சௌக்கியம். மேலே உள்ள விலாசத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். எங்கள் யாருக்கும் பிளேக் இல்லை. பதினைந்து நாளில் நடக்கவேண்டிய கல்யாணத்தை இதைச் சாக்கிட்டு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

போன திங்களன்று சர்க்காரின் சோதனைப் படை எங்கள் நாராயண் பேட்டைக்கு வந்தது. நான்கு வெள்ளைக்கார சோல்ஜர்கள் பூட்ஸோடு சமையலறைக்குள் போய், போளி மாவைக் குத்திப் பார்த்து, கட்டி இருக்கிறதா என்று என்னைத் தெருவில் நிறுத்திக் கக்கத்தை அமுக்கிப் பார்த்து (முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன், பழைய மாணவர்கள் பார்க்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன், வலித்தது), ஒன்றும் இல்லையென்று வாசல் சுவரில் காவியால் பாதி வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். பாதி வட்டமென்றால் வீடு சுத்தம், முழு வட்டமென்றால் நோய், நடுவில் புள்ளி இருந்தால் சாவு. தெருமுனையில் இங்கிலீஷில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். படித்தேன், வீட்டில் சொல்லத்தான் தோன்றவில்லை.

"கல்யாண வீட்டு வாசல்ல எவனாவது அரைகுறையா கோலம் போடுவானா? கை வலிச்சிருச்சாக்கும் அவனுக்கு" என்று சொல்லிக்கொண்டே யமுனா காவியைக் குழைத்து வட்டத்தை முழுசாக்கி, நடுவில் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள். எனக்கு நோட்டீஸ் நினைவுக்கே வரவில்லை. அழகாக இருக்கிறது என்று பாராட்டினேன்.

மறுநாள் காலை வண்டியோடு வந்த குமாஸ்தா, "பொணம் எங்க?" என்றார்.

"எந்தப் பொணம்?"

"புள்ளி வெச்சிருக்கே."

"அது குங்குமங்க. என் சம்சாரம் வெச்சது."

"அப்ப செத்தது உங்க சம்சாரமா?"

"யோவ், அந்தச் சம்சாரம் நான்தான். இதோ நிக்கிறேன்" என்றாள் யமுனா.

"நீங்க நிக்கிறது ரெக்கார்டுல இல்லம்மா. புள்ளிதான் இருக்கு."

கிணற்றில் தேடினார்கள், கூரை ஓட்டைப் பிரித்துத் தேடினார்கள். பிணம் கிடைக்காததால் மறைத்துவிட்டோம் என்று முடிவாகி, பத்து நாள் முகாம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, இங்கே நன்றாகத்தான் இருக்கிறது. பாய்க் குடிசை, நாலா பக்கமும் காற்று. நாராயண் பேட்டைச் சந்தில் இருபது வருஷம் இருமிய நான் மூன்று நாளாக இருமவில்லை. யமுனா தட்டும் சோள பாக்ரிக்கு முகாம் டாக்டரே ருசி கண்டுவிட்டார். கோதாவரி பக்கத்துக் குடிசைப் பெண்களோடு கழற்சிக்காய் ஆடுகிறாள். ஆனால் தபால்காரர் வேலியோரம் வந்தால் காயைக் கீழே போட்டுவிடுகிறாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை. பிளேக் முகாமில் பெண் எடுத்ததாக ஊர் பேசுமே என்று தாங்கள் தயங்குவது நியாயமே. ஆனாலும் பெரிய மனசு பண்ணுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு யமுனா மஞ்சள் குங்குமம் கொடுத்ததாகச் சொல்லவும். மாப்பிள்ளை நரஹரி தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வி. கானிட்கர்

பி.கு: கடிதத்தை மடிக்கும்போது யமுனா சொல்கிறாள், வட்டத்தை முடித்த கையோடு பூக்காரி மூலம் சம்பந்தியம்மாவுக்குச் சொல்லியனுப்பினாளாம்: "உங்க கஸ்பா பேட்டைக்கும் வருவானுங்க, பாதியில விட்டுட்டுப் போவானுங்க. முழுசாக்கிப் பொட்டு வெச்சிடுங்க, கல்யாண வீடு." இப்போது வேலிக்கு வெளியே ஒரு வண்டி வந்து நிற்கிறது. "பொணமும் இல்ல, ஒண்ணும் இல்ல, எல்லாம் அந்தச் சம்பந்தி வீட்டு யோசனை" என்று தங்கள் குரலிலேயே யாரோ கத்துகிறார்கள். ஏழாம் எண் குடிசை காலி, பெருக்கச் சொல்லிவிட்டேன். கடிதத்தை நேரிலேயே கொடுக்கிறேன். கோதாவரி தலைவாரிக்கொள்ளப் போய்விட்டாள்.