அர்ச்சனைக் கூடையில் ஆறங்குலக் கத்தி

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எனக்குத் தெரியாத விஷயங்கள் ஏராளம் என்று எந்தச் சபையிலும் ஒத்துக்கொள்வேன், கத்தியைத் தவிர. கத்தி விஷயத்தில் மட்டும் மதுரை ஜில்லாவிலேயே என்னை விட்டால் ஆளில்லை என்று கல்யாணம் ஆகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். (யாரும் கேட்காமலே சொல்லவும் செய்வேன். வினை அங்கேதான்.)

கத்தி என்றால் வெட்டுக்குத்துக் கத்தி இல்லை; கத்தரிக்காய் நறுக்குகிற வீட்டுக் கத்தி. அலகு ஆறு அங்குலம் இருக்க வேண்டும். ஐந்தென்றால் பூசணிக்காயில் பாதியில் மாட்டிக்கொள்ளும், ஏழென்றால் பூண்டுப் பல்லுக்கு அது ரொம்ப அதிகப்படி. எவர்சில்வர் ஆகாது, லாரிக்கு அடியில் வளைந்திருக்கிற வில் பட்டாவைக் காய்ச்சி அடித்த இரும்புதான் சரி. வெட்டுகிற பக்கம் லேசாக வயிறு தள்ளியிருக்க வேண்டும், முனை மொட்டையாக இருக்க வேண்டும். பிடி புளியங்கட்டை, மூன்று ஆணி, கழுத்தில் பித்தளைப் பூண். பிளாஸ்டிக் பிடியைப் பார்த்தால் அந்த வீட்டுச் சாப்பாடே எனக்கு இறங்காது.

இந்த ஞானத்தால் இரண்டு சம்பந்தங்கள் ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தன. முதல் வீட்டில் ஆப்பிள் நறுக்கித் தட்டில் வைத்தார்கள். "ரம்பப்பல் கத்தியில வெட்டுனீகளோ? ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்கே" என்றேன். பெண் எப்படி என்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். ஆப்பிள்தான் ஞாபகம் இருந்தது. இரண்டாவது வீட்டில், தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய், அங்கிருந்த கத்தியை எடுத்துப் பெருவிரலால் கூர் பார்த்தேன். பெண்ணின் அம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "என்னங்க, கொஞ்சம் இங்கிட்டு வாங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்கு அப்போது வயது முப்பத்திமூன்று. மூன்றாவதாகச் சோழவந்தானிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பெண் பெயர் பாண்டிச்செல்வி. அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால்.

"இதுவும் போச்சுன்னா நான் இனி பொண்ணு பாக்க மாட்டேன். நீ அந்தக் கத்தியவே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கம் பெண் பார்ப்பதைக் கோயிலில் வைத்துக்கொள்வதுண்டு. பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்த மாதிரி இரண்டு வீட்டாரும் கலைந்துவிடலாம், பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மதுரைப் பெரிய கோயிலில் அம்மன் சன்னதி முன்பு என்று பேச்சு. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் பார்த்து, சம்மதம் சொல்லிவிட வேண்டும்.

அங்கேதான் என் பக்தி குறுக்கே வந்தது. புதிதாக எது வாங்கினாலும் அம்மன் பாதத்தில் வைக்காமல் நான் தொடமாட்டேன். (மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் அதன் வாரண்டி அட்டையை வைத்துக் கும்பிட்டவன் நான்.) முந்தின நாள்தான் டி. கல்லுப்பட்டிப் பக்கத்து ஆசாரி ஒருவரிடமிருந்து என் கனவுக் கத்தியை வாங்கி வந்திருந்தேன். பிடியை மூன்று முறை மாற்றச் சொன்னதில் அந்த மனுஷன் நொந்துபோய், "அண்ணே, கத்திக்கே இம்புட்டு லட்சணம் பாக்குறீகளே, நாளைக்கு உங்களுக்கு வாக்கப்படுறவ என்ன பாடு படப்போறாளோ" என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கத்தியை மஞ்சள் துணியில் சுற்றி அர்ச்சனைக் கூடையில் வைத்தேன். மேலே வைத்தால் வாழைப்பழம் நசுங்கும் என்று, தேங்காய்க்கு அடியில் வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

கோயில் வாசலில் செருப்பையும் செல்போனையும் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போனோம். பெண்கள் வரிசையில் அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். ஆண்கள் வரிசையில் என் முறை வந்தது. சோதனை போடுகிற கருவி கூடையைப் பார்த்துக் கத்தியது. போலீஸ்காரர் தேங்காயை எடுத்தார், பழத்தை எடுத்தார், மஞ்சள் துணியைப் பிரித்தார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை தானாக நாலடி பின்வாங்கியது.

எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருந்த எஸ்.ஐ. அம்மாவிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"என்னய்யா இது?"

"கத்திங்கம்மா."

"அது தெரியுது. எதுக்கு மறைச்சுக் கொண்டாந்த?"

அந்த இடத்தில் "தெரியாமக் கொண்டாந்துட்டேன், மன்னிச்சிருங்க" என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் விட்டிருப்பார்கள். ஆனால் கத்தியைப் பற்றி ஒரு ஆள் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டாரே! நான் விளக்க ஆரம்பித்தேன்.

"சாதாரணக் கத்தி இல்லைங்கம்மா. லாரிப் பட்டாவுல சொல்லி அடிச்சது. வயித்துப் பக்கம் பாருங்க, இழுத்தாப் போதும், அழுத்தவே வேணாம். எலும்பு மாதிரி கெட்டியா இருந்தாலும் இறங்கும்."

எஸ்.ஐ. அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்பறம்?"

"பிடி புளியங்கட்டைங்க. கை எம்புட்டு ஈரமா இருந்தாலும் வழுக்காது."

"கை எதுனால ஈரமாகும்?"

"தக்காளிங்கம்மா" என்றேன். யாரும் நம்பவில்லை. எனக்கே அந்த நேரத்தில் நம்பிக்கை வரவில்லை.

மணி பத்து பத்து. "உன்னத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். அம்மா உள்ளே, அவள் செல்போன் வெளியே. திரும்பிப் பார்த்தால் ஆண்கள் வரிசையில் ஒரு பெரியவர், பக்கத்துப் பெண்கள் வரிசையில் பச்சைச் சேலையில் ஒரு பெண். போட்டோவில் பார்த்த அதே முகங்கள். தாயே, உனக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று மனசுக்குள் அழுதுகொண்டே, "அதோ வாராரே, எங்க மாமாதான்" என்று கைகாட்டிவிட்டேன்.

பெரியவரைக் கூப்பிட்டார்கள். பெண்ணும் கூடவே வந்து நின்றாள். "ஐயா, இவரு உங்க மருமகனா?"

பெரியவர் என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் இல்லைங்கம்மா. பத்தரைக்குள்ள தெரிஞ்சிரும்."

"பொண்ணு பாக்கவா வந்திருக்கான்? கத்தியோடயா?"

நான் பாதத்தில் வைக்கிற கதையைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, அதில் நடிப்பில்லை. எஸ்.ஐ. அம்மா முகம் கொஞ்சம் இளகியது. "காய் நறுக்கத்தான்னு எழுதி வாங்கிட்டு விட்டுருய்யா" என்று போலீஸ்காரரிடம் சொன்னார். அப்போதுதான் பாண்டிச்செல்வி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"மேடம், அதக் கொஞ்சம் பாக்கலாமா?"

மேசை மேலேயே வைத்து, பிடியை மட்டும் கையால் சுற்றிப் பார்த்தாள். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடவில்லை.

"நல்ல கத்திதான். ஆனா பிடி தடியா இருக்கு, என் கைக்கு அடங்காது. அவுக கைக்கு அளவெடுத்துச் செஞ்சிருக்காக" என்றவள், என்னைப் பார்த்து, "அப்ப வீட்டுல காய் யாரு நறுக்குவா?" என்றாள்.

பெரியவர், எஸ்.ஐ. அம்மா, போலீஸ்காரர், வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பிடிக்கு இத்தனை நாள் நான் அளவு பார்த்ததெல்லாம் என் கை ஒன்றுக்குத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான்தாங்க" என்றேன்.

"தெனமுமா?"

"தெனமும்."

"அதையும் சேத்து எழுதி வாங்குய்யா" என்றார் எஸ்.ஐ. அம்மா.

இரண்டு படி எழுதச் சொன்னார்கள். 'மேற்படி கத்தியைக் காய்கறி நறுக்க மட்டுமே வைத்திருக்கிறேன் என்றும், வீட்டில் தினமும் நானே நறுக்குவேன் என்றும், இதனால் பொதுமக்களுக்கு எந்த இடைஞ்சலும் வராது என்றும் உறுதி கூறுகிறேன்.' சாட்சிக் கையெழுத்து, பெண்ணின் அப்பா. அவர் பேனாவை மூடும்போது, என்னைத் தேடிக்கொண்டு அம்மா மூச்சிரைக்க வந்தாள். போலீஸ், மேசை, கத்தி.

"மூணாவதும் போச்சா?" என்றாள்.

"போகலைங்க அத்த. எழுதியே குடுத்துட்டாக" என்றாள் பாண்டிச்செல்வி. மணி பத்து இருபத்தெட்டு.

கத்தியை உள்ளே விடவில்லை. வெளியே போகும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். சன்னதியில் பட்டர் தட்டை நீட்டியபோது, தேங்காய் பழம் போக, கத்திக்குப் பதிலாக அதில் வைக்க என் கையில் இருந்தது அந்தக் கடிதத்தின் இரண்டாவது படி மட்டும்தான். வைத்தேன். என்ன ஏதென்று படிக்காமலே பாதத்தில் வைத்துக் குங்குமத்தோடு திருப்பிக் கொடுத்தார். அதோடு போலீசுக்குக் கொடுத்த வாக்கு அம்மனுக்குக் கொடுத்த வாக்காகவும் ஆகிவிட்டது.

பதினோரு வருஷமாக நறுக்குகிறேன். சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "மாப்ள எழுதிக் குடுத்தவருப்பா" என்று முருங்கைக்காய்க் கட்டை என் முன்னால் இறக்கிவிடுவார்கள். போன வாரம் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் சோழவந்தானிலிருந்து மாமனார் போன் செய்தார்.

"மாப்ள, உடம்பு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல மாமா."

"செல்வி ரெண்டு நாளா ரசம் மட்டும்தான் வச்சிருக்காளாம்ல. சரி, ஓய்வெடுங்க, அவசரமில்ல" என்றவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஆளு பாருங்க. நாளைக்குள்ள ஒரு கத்தரிக்காயாச்சும் நறுக்கிருங்க."