சிரஞ்சீவி முழங்கால்

சைனிக்புரி,
செகந்திராபாத்.
16 செப்டம்பர் 2010

சிரஞ்சீவி கனகவல்லிக்கு அக்கா விஜயகுமாரி ஆசி கூறி எழுதுவது.

இவ்விடம் அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் பேச்சில் சொல்லும் பொய்யைவிடக் கையெழுத்திட்ட பொய் பெரிய பாவம் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் பிலோமினா நமக்குச் சொல்லிக்கொடுத்திருப்பதால், இவ்விடம் என் இடது முழங்கால் மட்டும் நலம். மற்ற உறுப்புகள் அவற்றின் வயதுக்கு ஏற்றபடி இருக்கின்றன.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு இடங்களில் ஒற்று விட்டிருக்கிறாய். ஓய்வுபெற்ற தமிழாசிரியை செய்யும் காரியம் இல்லை. வலியோடு எழுதியிருப்பாய் என்று விட்டுவிடுகிறேன். முழங்கால் மாற்றிக்கொள்ளலாமா, மாற்றினால் எத்தனை காலம் உழைக்கும் என்று கேட்டிருந்தாய். அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள், உறவினர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுக் கூடவே இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம், உன்னைவிட்டால் எனக்கு யார் அக்கா என்றும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் என் பதில் ஒன்றே: வேண்டாம். நீ மாற்றிக்கொள்ளவும் வேண்டாம், நான் வரவும் வேண்டாம். காரணத்தைக் கேள்.

எனக்கு ஆபரேஷன் நடந்து மூன்று வருடமாகிறது. வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் சக்ரபாணி, "உலோகத்துக்கு ஒண்ணும் ஆகாது மேடம். நடுவுல ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கு, தேயறதுன்னா அதுதான் தேயும். பதினஞ்சு வருஷம் தாராளமா வரும், இருபதும் வரலாம். எல்லாம் நீங்க எப்படி யூஸ் பண்றீங்கங்கிறதைப் பொறுத்தது" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். பக்கத்தில் என் மகன் ஆனந்தகுமார் நின்றிருந்தான். மாதாப்பூரில் அவன் பார்க்கும் வேலையே சாஃப்ட்வேர் எந்த இடத்தில் உடையும் என்று தட்டித் தட்டிப் பார்ப்பதுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டான். "அம்மா, அது மெக்கானிக்கல் பார்ட். எவ்வளவு நடக்கிறியோ அவ்வளவு தேயும். அனாவசியமா செலவு பண்ணாதே. தேவைப்படும்போது இருக்கணும் இல்ல?" என்றான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நம் வீடுகளில் புது சோஃபாவின் பிளாஸ்டிக் உறையை யார் கழற்றியிருக்கிறார்கள்? ஆகவே நடப்பதற்காக வைத்த முழங்கால், நடந்தால் தேயும் என்று உட்காரவைக்கப்பட்டது. காய்கறி வாசலுக்கு வந்தது. கோயில் தொலைக்காட்சிக்கு வந்தது. பேத்தி அக்ஷதா தோழிகளைக் கூட்டிவந்து என் காலைக் காட்டுகிறாள். அதில் ஒருத்தி, "மீ நானம்மா மோகாலு இன்கா வாரண்டீலோ உந்தா?" என்று தெலுங்கில் விசாரித்தாள். உன் பாட்டியின் முழங்கால் இன்னும் வாரண்டியில் இருக்கிறதா என்று அர்த்தம். ஏதோ மிக்ஸியைக் கேட்கிற மாதிரி.

பிறகு ஆனந்த் இடுப்பில் செருகிக்கொள்ளும் கருவி ஒன்று வாங்கிவந்தான். நடக்கும் அடிகளை எண்ணுமாம். ஊரில் உள்ள பிள்ளைகள் பெற்றோர் நடக்கவேண்டும் என்று அதை வாங்கித் தருகிறார்கள். இவன் நான் நடந்துவிடக் கூடாது என்று வாங்கித் தந்தான். ஒருநாள் அது என் உள்பாவாடையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. செத்துத் தொலையாமல் உள்ளே சுற்றச் சுற்ற எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. சாயங்காலம் அதைப் பார்த்தவன் முகம் வெளுத்து, "எங்கேம்மா போயிட்டு வந்தே? நிஜாமாபாத்துக்கா?" என்றான். நான் சொன்னதை நம்பவில்லை. மெஷின் பொய் சொல்லாது என்றான். எந்த மெஷின் என்று கேட்டேன்.

போன மாதம் கால் மடங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் பொம்மலாட்டப் பொம்மை போல நீட்டிக்கொண்டு நின்றது. ஆனந்தும் மருமகளும் ஆபீஸில். பக்கத்து வீட்டு சுபேதார் இருதயராஜ், "டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன், மேடம்" என்று தன் ஃபியட் காரின் உறையை நீக்கினார். பெட்ரோல் விற்கிற விலையில் வண்டி வீணாகக் கூடாது என்று வருடக்கணக்காக அதை ஓட்டாமல் துடைத்து வைத்திருப்பவர். சேமித்து வைத்த காரில் சேமித்து வைத்த காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினார், திருப்பினார், இறங்கி மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "இன்ஜின் அப்படியே புதுசு மாதிரி இருக்கு மேடம். ஓடலை, அவ்வளவுதான்" என்றார். ஆட்டோவில் போனோம்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அடடா, தேய்மானமே இல்லை. பதினஞ்சு என்ன, இன்னும் இருபது வருஷம் வரும்" என்று சந்தோஷப்பட்டார். அப்புறம் சீட்டில் என் வயதைப் பார்த்தார். எழுபத்தாறு. எக்ஸ்ரேயை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "இப்படி உட்கார்ந்தே இருந்தா சதை இறுகிடும், நடங்க" என்று வேறு பேச்சுக்குப் போனார். அதற்குள் அவர் மனதில் போட்ட கழித்தல் கணக்கு எனக்குத் தெரியாதா, கனகா? சிஸ்டரிடம் கணக்கில் நான்தானே முதல்.

எனக்கு முன் இது போகாது. நான்தான் இதற்கு முன் போவேன். உன் அத்தானுக்கு நடந்ததுபோல என்னையும் மின்மயானத்தில் வைப்பார்கள். அவருக்குச் சாம்பல் மட்டும் கொடுத்தார்கள். எனக்குச் சாம்பலோடு ஒரு பளபளப்பான சாமானும் கொடுப்பார்கள். ஆனந்த் அதைத் துடைத்து ஷோகேஸில் டின்னர் செட்டுக்குப் பக்கத்தில் வைப்பான். அந்த டின்னர் செட் உனக்கு நினைவிருக்கும். ஜபல்பூரில் உன் அத்தான் ஆசைப்பட்டு வாங்கிய நீலப்பூப் பீங்கான். பெரிய மனிதர் யாராவது வந்தால் எடுக்கலாம் என்றேன். ஒரு பிரிகேடியர் வந்தார், தண்ணீர் மட்டும் போதும் என்றுவிட்டார். அதையும் எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். உன் அத்தான் கடைசிவரை நசுங்கிய எவர்சில்வர் தட்டில்தான் சாப்பிட்டார். அவருடைய பதினாறாம் நாளுக்கு எல்லாருக்கும் இலை போட்டோம்.

ஆகவே உன்னைச் சிரஞ்சீவி என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. நம் குடும்பத்தில் அந்தப் பட்டத்துக்கு உரியது என் இடது காலில் இருக்கிறது. எழுபத்துமூன்று வயதில் உனக்கு எதற்கு இன்னொன்று? வலியைப் பொறுத்துக்கொள், தைலம் தேய். என் காலோ ரயில்படி ஏறும் அளவுக்கு மடங்காது, மடங்கினாலும் ஆனந்த் விடமாட்டான். உறவினருக்குப் பதில் அண்டைவீட்டார் கையெழுத்தைக் கேட்டுப் பார்.

சகல நோயும் நீங்கி, ஒற்றுப்பிழையும் நீங்கி, நீ நன்றாக இருக்கவேண்டும் என்று ஆண்டவனை நின்றபடியே வேண்டிக்கொள்கிறேன். மண்டியிட அனுமதியில்லை.

அன்புள்ள அக்கா,
விஜயகுமாரி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். போன தடவை ஆனந்திடம் தபாலில் போடக் கொடுத்த கடிதம் அவன் லேப்டாப் பையில் தீபாவளி கொண்டாடிவிட்டு வந்தது. அதனால் இதை நானே போடலாம் என்று கிளம்பினேன். தெருமுனையில் இருந்த சிவப்புப் பெட்டியைக் காணோம். தரையில் அதன் அடிக்கட்டை மட்டும் இருந்தது. அடுத்த பெட்டியின் வாய் துருப்பிடித்து மூடியிருந்தது. ஓர் ஆட்டோக்காரன் கூடவே உருட்டிக்கொண்டு வந்து, "கைக்கு சல்ரே அம்மா? பைட்டோ" என்று ஏறி உட்காரச் சொன்னான். நக்கோ, வேண்டாம் என்றேன். ஏன் நடக்கிறாய் என்று யாரும் என்னைக் கேட்டு மூன்று வருடமாகிறது. போஸ்ட் ஆபீஸ் வாசலுக்குப் போனபிறகுதான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று உறைத்தது. உணவு இடைவேளை, மூடியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். இடது கால் மடங்கியது. வலித்ததென்னவோ வலது கால், ஆண்டவன் கொடுத்தது. அதற்கு வாரண்டி கேட்க ஆளில்லை.

அதே ஆட்டோவைக் கூப்பிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் கோயம்புத்தூருக்குக் கீழ்ப்படுக்கை ஒன்று வாங்கிவிட்டேன். உன் ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் வந்துவிடுவேன். கையெழுத்தை நான் போடுகிறேன். நீ முழங்காலை மாற்றிக்கொள், மாற்றியபின் அதைத் தேய்த்துவிட்டுத்தான் போகவேண்டும். ஆனந்துக்கு இன்னும் தெரியாது. எண்ணும் கருவி இன்று முழுதும் சோஃபாவில் கிடந்ததால், "குட், இன்னிக்கு நல்லா ரெஸ்ட் எடுத்திருக்கே" என்று பாராட்டினான். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதது பொய் ஆகாது என்றும் சிஸ்டர் பிலோமினா சொல்லியிருக்கிறார்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பேன். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் அனுப்புகிறேன்.

டின்னர் செட்டில் ஆறு தட்டு எடுத்துப் புடவைக்கு நடுவே வைத்துக் கட்டியிருக்கிறேன். நாம் இருவரும் அதில்தான் சாப்பிடப் போகிறோம். ரயிலில் ஒன்றிரண்டு உடையும். உடையட்டும்.