பெட்டி பிரிக்காதவர்

பொருளை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், உபயோகிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு வந்து நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்று பேரோடும் எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். நான்காவதாக ஓர் இனம் உண்டு. பொருள் வந்து இறங்கியதும் அதைப் பூட்டி வைத்து, யார் கையும் படாமல், யார் மூச்சுக்காற்றும் படாமல் காப்பாற்றி, கடைசியில் அது உள்ளேயே கிழடு தட்டிப்போனதும் வெளியே எடுத்து, "பாருங்க, ஒரு கீறல் இல்ல" என்று பூரித்துப்போகிறவர்கள். இவர்களை எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? கம்ப்யூட்டர்களை வாங்கவும், கொடுக்கவும், பராமரிக்கவும், கழித்துக் கட்டவும் தனியாக ஓர் ஆளைப் போட்டிருக்கிற எந்த அலுவலகத்துக்காவது போங்கள். பார்ப்பதற்கு முன்பே சாவிக்கொத்து சத்தம் கேட்கும்.

எனக்கு வாய்த்தவர் பெயர் அன்புச்செல்வன். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் சுடர்மணி சர்வீசஸ் ஆபீசில் அவர்தான் அசெட் இன்சார்ஜ். சுரங்கத்துக்குள் கரி ஏற்றிப்போகிற பெல்ட் அடியில் கொட்டுகிறதை அள்ளவும், தோட்டம் பெருக்கவும், குவார்ட்டர்ஸ் தெருக்களைச் சுத்தம் செய்யவும் கான்ட்ராக்ட் ஆட்களை அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. என் மேஜை அன்புச்செல்வனின் அறைக்கு நேர் எதிரே. ஆகவே நான் சொல்வதெல்லாம் கண்ணால் கண்டது.

புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்குகிற நாளில் அவரைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு முகச் சவரம் கொஞ்சம் கூடுதலாகவே பளபளக்கும். வண்டிக்காரர் பெட்டியைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், இவருக்கு நெஞ்சு வலிப்பதுபோல் ஒரு முனகல் வரும். பெட்டியின் நான்கு பக்கமும் துடைத்து, வெள்ளை ஸ்டிக்கரில் நம்பர் எழுதி, நகத்தால் நீவி ஒட்டி, இரும்பு பீரோவுக்குள் வைத்து, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, இரண்டடி நடந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். அதோடு அந்தக் கம்ப்யூட்டரின் வெளியுலக வாழ்க்கை முடிந்தது.

சாப்ட்வேர் விஷயத்திலும் அதே பக்திதான். வைரஸ் தடுப்புக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் வாங்குவார். எந்த மெஷினிலும் போட மாட்டார். ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன்.

"போட்டா தீந்துடும்ல" என்றார்.

அவர் பிறக்கும்போதே இப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுத்த மனிதர்தான். பிறகு ஒரு ஆடிட் வந்தது. ஒரு மவுஸ் குறைந்தது. வாலுள்ள, சாதாரண மவுஸ். அதற்காக அவரை மாதக்கணக்கில் விளக்கம் எழுத வைத்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் ஜனங்கள் திண்டாடியதற்கு எவரும் எப்போதும் விளக்கம் கேட்டதில்லை. இதிலிருந்து ஒரு புத்திசாலி என்ன கற்றுக்கொள்வான்? அதையேதான் அவரும் கற்றுக்கொண்டார்.

இப்படிப்பட்டவரிடம் புதுக் கம்ப்யூட்டர் கேட்டு நடையாக நடந்த பெண்தான் எழில்மதி. எங்கள் பாஸ் செக்ஷன். சுரங்க கேட்டுக்குள் நுழைய ஒவ்வொரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் படம் போட்ட பாஸ் வேண்டும். அதை அடித்து, கேட் ஆபீசில் முத்திரை வாங்கித் தருவது அவள் வேலை. அவளுடைய கம்ப்யூட்டரை ஆன் செய்தால் மாவு மில் ஓடுகிற சத்தம் வரும். ஊரில் எங்கும் படிகிற கரித்தூள் அதற்குள்ளும் படிந்து, திரை அவ்வப்போது நீலமாகி, பிறகு மனசு மாறித் திரும்பி வரும். பாஸ் அடிக்கிற அந்தப் பழைய சாப்ட்வேரையும் அதை விற்ற கம்பெனிக்காரர்கள் கைகழுவிவிட்டார்கள். புதுசு வாங்கியாயிற்று. எங்கே இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

"சார், அந்தப் புது மெஷின்ல ஒன்னு குடுத்தீங்கன்னா..." என்று ஆரம்பிப்பாள்.

"இது ஓடுதுல்ல?"

"ஓடுதுங்க சார், ஆனா நடுவுல நடுவுல..."

"ஓடுற பொருள எப்படிம்மா மாத்துறது? நின்னா சொல்லு."

ஒரு நாள் நின்றது. ஓடி வந்து சொன்னாள். அன்புச்செல்வன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "குடுத்த பொருளையே நிக்க வச்சிட்டவங்களுக்கு, புதுசு எப்படிம்மா நம்பிக் குடுக்கறது?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எழில்மதி தன் மேஜைக்குத் திரும்பினாள். யாரையோ வரவழைத்து, தூசு தட்டி, மறுபடியும் ஓட வைத்தாள். மறுபடியும் ஓடியதால், மறுபடியும் தகுதி போயிற்று.

பாஸ்களையெல்லாம் புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தது. பழைய பாஸ்கள் மாதக் கடைசியோடு காலாவதி. மறுநாள் பர்ஸ்ட் ஷிப்ட் முதல் புதுப் பாஸ் இல்லாதவரைக் கேட்டில் விட மாட்டார்கள். விடாவிட்டால் அன்றைய வேலை போயிற்று என்பது மட்டுமில்லை. அந்த இடத்துக்கு வேறொரு ஆள் வந்து நின்றுவிட்டால், பிறகு அது அவருடைய இடம். எழில்மதி ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்திலும் எழாமல் அடித்துத் தள்ளினாள். மெஷின் கொஞ்சம் அடிக்கும், கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அப்படியும் பெரும்பகுதி முடிந்திருந்தது.

கடைசி நாள் காலையில், மெஷினிலிருந்து சத்தம் நின்றது. அந்த மாவு மில் சத்தம் நின்றதும் ஆபீசே தலையைத் தூக்கிப் பார்த்தது. கருகின வாசனை வந்தது. அவ்வளவுதான்.

வெளியே மரத்தடியில் மிச்சமிருந்த தொழிலாளர்கள் காத்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் தனபாக்கியம். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து போகிறவர். சுரங்க கேட்டுக்குள் இருக்கிற பார்க்கில் குப்பை பெருக்குகிற வேலை. ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஆவுமா ஆவாதா? பாசு இல்லன்னா நாளைக்கி கேட்டாண்ட நிக்கக்கூட வுட மாட்டாங்க" என்றார்.

"ஆவும்க்கா. கொஞ்சம் இருங்க" என்றாள் எழில்மதி. சொல்லும்போது அவள் பார்வை அன்புச்செல்வனின் அறையில் இருந்தது. பீரோ இருந்தது. அன்புச்செல்வன் இல்லை. சேத்தியாத்தோப்பில் அவருடைய மச்சினன் மகளுக்குக் கல்யாணம். சாவிக்கொத்தும் கல்யாணத்துக்குப் போயிருந்தது.

எங்கள் சைட் மேனேஜர் சாகுல் ஹமீது போன் போட்டார். பின்னணியில் நாதஸ்வரம் கேட்கிற அளவுக்கு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அன்பு, பாஸ் மெஷின் போயிடுச்சு. பீரோவுல இருந்து ஒன்னு எடுக்கணும். பூட்ட உடைச்சிடவா?"

நாதஸ்வரம் நின்றதா, அல்லது அவர் மண்டபத்துக்கு வெளியே ஓடி வந்தாரா தெரியவில்லை.

"வேணாம் சார். பீரோவும் அசெட்டுதான் சார். பூட்டுக்குக்கூடத் தனி நம்பர் ஒட்டியிருக்கேன்."

"அப்ப நீ வா."

"தாலி கட்டு முடிஞ்சதும் வந்துடறேன் சார்."

"கட்டப்போறது நீ இல்லையேப்பா. கெளம்பு."

அவர் வந்து சேரும்போது உச்சி வெயில் இறங்கியிருந்தது. பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னார். எவரும் அதற்காக வருத்தப்படவில்லை. பீரோவைத் திறந்தார். உள்ளே பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக, தூசு இல்லாமல், நேர்கோட்டில். நேற்றுதான் வந்து இறங்கியவை போல் மின்னின. சாகுல் ஹமீது ஒன்றை இழுத்தார்.

"சார், மேல இருக்கறது வேணாம் சார், கீழ இருக்கறத எடுங்க. அதுதான் மொதல்ல வந்தது" என்றார் அன்புச்செல்வன். அந்த நேரத்திலும் முறை தவறக்கூடாது.

டேப்பைக் கத்தியால் கீறினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். தெர்மாகோலை உடைக்காமல் எடுங்கள் என்று கெஞ்சினார். மெஷினை மேஜையில் வைத்தார்கள். லேப்டாப்தான், ஆனால் அதன் பேட்டரி சார்ஜ் ஏறவே மறுத்தது. இத்தனை காலம் இருட்டில் பட்டினி கிடந்தால் எதுதான் எழுந்து நிற்கும்? கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டால், வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். ஒருமுறைகூட ஆன் ஆகாத மெஷினுக்கு வாரண்டி முடிந்துபோயிருந்தது. வயரை நேராகச் செருகினால் ஓடியது. அந்த மட்டும் பிழைத்தோம்.

"சாப்ட்வேர் லைசென்ஸ் எங்கப்பா?"

அதுவும் பீரோவில், சீல் வைத்த உறையில், ஈரம் படாமல் இருக்க அந்துருண்டையோடு இருந்தது. கம்ப்யூட்டரில் தட்டிச் சேர்க்க வேண்டிய எண்ணுக்கு அந்துருண்டை வைத்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். எழில்மதி எண்ணை அடித்தாள். திரை யோசித்துவிட்டு, மன்னிக்கவும், இந்த லைசென்ஸின் காலம் முடிந்தது என்றது. வாங்கிய தேதியிலிருந்து ஒரு வருஷம் கணக்காம். உபயோகித்தோமா இல்லையா என்று அது கேட்பதில்லை.

அன்புச்செல்வன், "உறைய நான் பிரிக்கவே இல்ல சார்" என்றார். அதைத் தன் தரப்பு வாதமாகத்தான் சொன்னார்.

சாகுல் ஹமீது மென்பொருள் கம்பெனிக்காரரிடம் தன்மையாகப் பேசினார், கெஞ்சினார், பிறகு கொஞ்சம் சத்தமாகவும் பேசினார். கடைசியில் அவர்கள் தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள். எழில்மதியின் விரல்கள் பறந்தன. பாஸ் அடித்து அடித்துக் கொடுக்க, நான் பைக்கில் கேட் ஆபீசுக்கும் எங்கள் ஆபீசுக்குமாக ஓடினேன். முத்திரை போடுகிறவர் கடையைக் கட்டுகிற நேரம் வரை ஓடினோம். வரிசையின் வாலில் இருந்த சிலர் மிஞ்சிப்போனார்கள். தனபாக்கியம் அதில் ஒருவர். அவர் சண்டை போடவில்லை. மெஷினை ஒருமுறை, வேட்டியில் நின்ற அன்புச்செல்வனை ஒருமுறை பார்த்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை அன்புச்செல்வன் வழக்கம்போல் சுரங்க கேட் இருக்கிற சாலை வழியாக ஸ்கூட்டரில் வந்தார். ஷிப்ட் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மிஞ்சிய சிலர் சுவரோரமாக நின்றார்கள். தனபாக்கியம் இவரைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டு, மரியாதையாகவே கேட்டார்: "பொட்டிங்கல்லாம் பத்திரமா இருக்குதுங்களா சார்?"

அதில் குத்தல் இருந்ததா என்று அன்புச்செல்வனுக்கு இன்றுவரை தெரியாது. என்னிடமே இரண்டொரு தடவை கேட்டுவிட்டார். ஆனால் அன்றைக்கு ஆபீசுக்கு வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. நேராக பீரோவைத் திறந்து, முதலில் வந்தது எது என்றுகூடப் பார்க்காமல், பெட்டிகளை இறக்கி, அவரவர் மேஜைக்குத் தானே சுமந்துகொண்டு போய் வைத்தார். எழில்மதியின் மேஜையில் உட்கார்ந்து மிச்சப் பாஸ்களுக்குப் பெயர்களை வாசித்துக் கொடுத்தார். கேட் ஆபீசுக்குத் தானே நடந்துபோய் முத்திரை வாங்கி, தனபாக்கியத்தின் பாஸைச் சுவரோரமாகவே கொண்டுபோய்க் கையில் கொடுத்தார். அன்றைய வேலை அவருக்குப் போனது போனதுதான். இடம் போகவில்லை. வேறு ஆள் போடுவதற்குள், சாகுல் ஹமீது சூப்பர்வைசரிடம் சொல்லிப் பிடித்து வைத்திருந்தார்.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை அவ்வளவு லேசாக எடை போடாதீர்கள். அடுத்த வாரம், பழையதையெல்லாம் கண்டம் செய்து, அதாவது உதவாதவை என்று கழித்து, அனுப்ப உத்தரவு வந்தது. முதுகு பெருத்த மானிட்டர்கள், பல் விழுந்த கீபோர்டுகள், எந்த மெஷினுடையது என்று எந்த மெஷினுக்குமே தெரியாத வயர்கள் எல்லாவற்றையும் அள்ளிப்போக மின்கழிவு லாரி வந்தது. ஹார்ட் டிஸ்க்குகளை மட்டும் முறைப்படி அழித்துத்தான் அனுப்பினார், அதில் குறை சொல்ல முடியாது. லாரிக்காரரிடம், "எங்கப்பா கொண்டுபோறீங்க? ரொம்ப ஆட்டாம போங்க" என்றார். உடைக்கத்தானே சார் கொண்டுபோறோம் என்றார் லாரிக்காரர். லாரி திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

அந்த இரும்பு பீரோ இப்போது காலி என்றா நினைத்தீர்கள்? புது மெஷின்கள் வந்த அட்டைப் பெட்டிகளும் தெர்மாகோலும் அதற்குள் இருக்கின்றன. அளவு வாரியாக அடுக்கி, பூட்டி. என்றைக்காவது வேண்டியிருக்கும் என்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பிரிட்ஜ் கதவில் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இன்னும் இருக்கிறதே, அது யாருக்காக? டிவி ரிமோட்டைப் பாலிதீன் உறையோடு அழுத்தி அழுத்தி, எந்த எண் எங்கே என்றே தெரியாமல்போய் எத்தனை நாள் ஆகிறது? விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று வைத்த டின்னர் செட்டுக்கு விருந்தாளி வந்தார்களா, வந்தும் நீங்கள் எடுக்கவில்லையா? போனில் படம் பிடிக்க இடமில்லாமல் திண்டாடிக்கொண்டே, வாங்கி வைத்த மெமரி கார்டைப் போடாமல் இருக்கிறீர்களே, அதுவும் தீர்ந்துவிடும் என்றுதானே? நான் வேண்டுமென்றே சொல்கிறேன் என்று தோன்றினால், பரண் மேல் என்னென்ன இருக்கிறது என்று நீங்களே ஏறிப் பார்த்துவிடலாம். ஏறுவதற்கு அந்த மடக்கு ஏணி வேண்டும். போன தீபாவளிக்கு வாங்கினீர்களே, அதுதான்.

இன்னும் பிரிக்கவில்லை, இல்லையா?