றோஸி மாமி அனுப்பிய படங்கள்

கொட்டாஞ்சேனை,
வியாழன் மாலை.

பெருமதிப்புக்குரிய சாந்தகுமார் மாமாவுக்கு,

மேனகா எழுதுகிறேன். இங்கே மாமி, மிதுனா, நான் மூவரும் சுகம். கட்டாரில் வெயில் கடுமை என்று கேள்விப்பட்டோம்; தண்ணீர் நிறையக் குடியுங்கள். வீடியோ கோலில் உங்கள் முகத்தைக் கண்டால் எனக்கு "ஓம் மாமா" தவிர வேறு சொல் வராது என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் கடிதம். கீழ்வீட்டு ஹாஷிம் நானா நாளை டோஹாவுக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மாமியிடம், "அந்தப் போனைப் பறிச்சு அலுமாரியில வைச்சுப் பூட்டு. ஸூம் கிளாஸும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். கவனமில்லாத பிள்ளைக்கு என்னத்துக்குப் படிப்பு?" என்றதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த மாதம் மிதுனாவுக்குத் தவணைப் பரீட்சை. விஞ்ஞானமும் கணிதமும் அந்தப் போனில்தான் வருகின்றன. உங்கள் கட்டளையை மாமி அடுத்த வாரம் வரை ஒத்திவைத்திருக்கிறார். அதற்குள் நடந்ததை முழுவதும் கேளுங்கள். மாமி பாதி சொல்லும்போதே நீங்கள் கத்தத் தொடங்கிவிட்டீர்கள். இப்படி எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம்.

துஷ்யந்தி மிஸ் என்ற பெயரில் ஒருவர் மிதுனாவின் போனுக்கு வினாத்தாள் அனுப்பத் தொடங்கினார். இரண்டு கிழமை வினாத்தாள், அதன்பிறகு "கெட்டிக்காரி" என்ற புகழ்ச்சி, அதன்பிறகு பரிசுக்கு என்று ஒரு படம். இவளும் பள்ளிக்கூட உடுப்போடு நின்ற ஒன்றை அனுப்பிவிட்டாள். உடனே, இன்னொரு படம் வேண்டும், வீட்டு உடுப்பில் வேண்டும், அறைக்கதவைப் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும், அம்மாவுக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் கையில் இருக்கிற படத்தைக் கண்டபடி மாற்றி ஊரெல்லாம் போடுவேன் என்று வந்தது. மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மிதுனா குசினிக்குள் போய், "அம்மா, நான் ஒரு பிழை செய்துபோட்டன்" என்றாள். மாமா, பத்தாம் வகுப்பில் எனக்கும் இப்படி ஒன்று வந்தபோது அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் நான் இப்போது போட்டோகொப்பிக் கடையில் வேலைக்கு நிற்காமல் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பேன். மிதுனாவுக்குப் பதினாலு வயது. அவளுக்குச் சொல்ல முடிந்தது.

மாமி கத்தவில்லை, அடிக்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "என்னவாம் வேணும் அந்த மிஸ்ஸுக்கு?" என்றார்.

"படம் வேணுமாம்."

"படந்தானே? கொண்டா போனை."

சுவரில் இருந்த அந்தோனியார் படத்தைக் கழற்றி, தூசி தட்டி, வெளிச்சத்தில் வைத்து எடுத்து அனுப்பினார். மிஸ் மூன்று கேள்விக்குறி போட்டார். "இது இல்லை, வீட்டில எடுத்த படம்" என்று எழுதினார். "இதென்ன, றோட்டிலயா எடுத்தது?" என்று சொல்லிக்கொண்டே மாமி, மாலை போட்டு மின்குமிழ் எரியும் உங்கள் அப்பாவின் படத்தை அனுப்பினார். மிஸ், "மிதுனா, விளையாடாதே" என்றார். மாமி மாதா படத்தையும் பாப்பரசர் கலண்டரையும் அனுப்பிவிட்டு, குரல் பதிவை அழுத்திப் பிடித்தார். "மிஸ், நான் பிள்ளையின்ட தாய் றோஸி. படம் காணுமோ? அட்ரஸைத் தாங்கோ, மிச்சத்தை நேரில கொண்டுவாறன். செபக்கூட்டத்தில முப்பத்தாறு பேர் இருக்கினம், அவையும் ஆளுக்கொரு படம் கொண்டுவருவினம்."

அதன்பிறகு மிஸ்ஸிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மாமி விளங்காமல் அனுப்பினாரா, விளங்கித்தான் அனுப்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டேன். "தேங்காயை எடு" என்றார்.

மாமி எல்லாவற்றையும் அழிக்கப் பார்த்தார். நான்தான், "மாமி, அழிக்க வேண்டாம், அதுதான் சாட்சி" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. கடையில் பதினான்கு பக்கம் கலரில் அச்செடுத்தோம். சனிக்கிழமை பொலிசில், சிறுவர் பெண்கள் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த சிங்கள ஐயா அலுப்போடு தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்தார். ஐந்தாம் பக்கத்தில் அந்தோனியாரைக் கண்டதும், "ஆ, அந்தோனி முனிதுமா!" என்று தொட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இது யாருக்கு ஏன் அனுப்பியது என்று கேட்டார். மாமி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. முறைப்பாட்டை அப்போதே எழுதினார். மிதுனாவைப் பார்த்து, "பிழை உன்னுடையது இல்லை மகள்" என்று தமிழில் சொன்னார். திங்கட்கிழமை மாமி பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பாசிரியரிடம் சொன்னார். மிதுனா வாய் திறந்ததைக் கேட்டு இன்னும் இரண்டு பிள்ளைகள் தங்களுக்கும் அதே மிஸ் எழுதியதாக முன்வந்திருக்கிறார்கள்.

ஆகவே மாமா, போனைப் பறித்தால், வந்து சொன்னதற்குத் தண்டனை என்றுதான் அவள் நினைப்பாள். அடுத்த தடவை சொல்லமாட்டாள். எங்களுக்கு இந்த வீட்டில் அவளும் வேண்டும், அவளுடைய வாயும் வேண்டும். நீங்கள் எதையும் பத்துத் தடவை யோசித்துச் செய்கிறவர் என்று மாமி எல்லோருக்கும் சொல்வார். அந்த நம்பிக்கையில் எழுதினேன்.

கடவுள் உங்களுக்கு நல்ல தேகசுகமும் மிதமான வெயிலும் தரட்டும்.

பணிவுடன்,
மேனகா

பிற்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அந்த மிஸ்ஸின் பேஸ்புக் பக்கத்தை அடிவரை இறக்கிப் பார்த்தேன், அதை அச்செடுத்துத் தரும்படி பொலிஸ் ஐயா கேட்டிருந்தார். மார்ச் மாதம் அவர் போட்ட றோசாப்பூவுக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: "காலை வணக்கம் மிஸ், சாப்பிட்டீங்களா? இது என் மகள் மிதுனா, ஒன்பதாம் வகுப்பு. நீங்கள்தான் வழிகாட்ட வேண்டும்." கூடவே அவளுடைய பரிசளிப்பு விழாப் படம், பள்ளிக்கூடத்தின் பெயர், போன் நம்பர். மாமி இன்னும் பார்க்கவில்லை. வருகிற திங்கட்கிழமை அச்செடுக்க அவரும் கடைக்கு வருகிறார். அதற்கு முன் தயவுசெய்து அழைத்து, அலுமாரியில் பூட்ட வேண்டியது யாருடைய போனை என்று சொல்லிவிடுங்கள்.