பேட்டரி சாகவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

படகு ஓடுகிறது.

அப்பா நம் இருவருக்குமாக விட்டுப்போன பேட்டரி மோட்டார் படகு, சார்ஜ் ஏறாமல் படகுத்துறையில் கிடப்பதைப் பார்த்து நீ என்ன சொன்னாய்? மாதக் கடைசிக்குள் ஓட வைத்தால் படகு உனக்கே, இல்லாவிட்டால் ஐஸ் கம்பெனிக்காரர் கேட்கிற அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவேன் என்றாய். என்னால் ஆகாது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் சொன்னாய் என்பது உன் குரலிலேயே தெரிந்தது. வாரத்தில் ஒரு காலை, யாரும் என்னை எதுவும் கேட்காத ஒரே இடம் அந்த ஆற்றின் நடுதான். அதை ஒரு பேட்டரிக்காக விட்டுக்கொடுப்பதாக இல்லை.

முதலில் வந்தது ஐஸ் கம்பெனிக்காரர். கூப்பிடாமலே படகில் இறங்கி, டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல் பேட்டரியை விரலால் தட்டி, "செத்துப்போச்சு டீச்சரம்மா, தூக்கிப் போடுங்க. படகையும் சேர்த்து" என்றார். பேட்டரிக் கடைக்காரர் தட்டக்கூட இல்லை, நான் வாயைத் திறக்கும் முன்பே புதியதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். உன் அத்தான் சார்ஜர்தான் கெட்டுப்போயிருக்கும் என்றார், அவருக்கு எது ஓடாவிட்டாலும் அதன் ஒயர்மேல்தான் சந்தேகம். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். ஒருவர் சொன்னால் அது வதந்தி, மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னாலும் வதந்திதான். ஆகவே வோல்ட் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன், நானும் அவருமாகப் பேட்டரியைத் துணிக்கூடையில் வைத்து மூச்சு வாங்க மொட்டை மாடிக்குத் தூக்கிப்போனோம். (பேட்டரியிலிருந்து வாயு வரும், காற்றோட்டம் வேண்டும்.) பிளக் சரியாக இருந்தது. முனைகளில் உப்புக் காற்றுக்கு வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது, சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து உன் அத்தானின் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவினேன். அது பழைய பிரஷ் இல்லை என்பது அவர் வாதம். மூடிகளைத் திறந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் தகடுகளுக்குக் கீழே இறங்கியிருந்தது, அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். இத்தனைக்குப் பிறகும் சார்ஜரில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி எட்டு காட்டியது. அப்போதுதான் சார்ஜரோடு வந்த விளக்கப் புத்தகத்தை, நம் குடும்பத்தில் யாரும் எதற்கும் செய்திராத காரியமாக, முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், அங்கே பேட்டரி இருப்பதாகவே இந்தச் சார்ஜர் ஒப்புக்கொள்ளாதாம். அதாவது, ஒரேயடியாகப் பட்டினி கிடப்பவனுக்குப் பந்தியில் இடமில்லை, வெளியே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வா, மிச்சத்தை நான் போடுகிறேன் என்கிறது. இதற்கு ஸ்மார்ட் சார்ஜர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் அதை ஏமாற்ற வேண்டியதுதான். உன் அத்தானின் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து படகு பேட்டரியின் பக்கத்தில் வைத்தேன்.

"அதுக்கு வியாதின்னா என்னோடத எதுக்குப் பக்கத்துல படுக்க வைக்கிற?" என்றார்.

"ரத்தம் குடுக்கத்தான்" என்றேன்.

சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று இரண்டையும் இணைத்துச் சார்ஜரைப் போட்டேன். சிமிட்டல் நின்றது. எதிரே முழுப் பேட்டரி நிற்பதாக நம்பி அது வேலையைத் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கார் பேட்டரியைப் பிரித்தெடுத்தேன், அதற்குள் நம் பேட்டரி தானாக வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தது. மறுநாள் பச்சை விளக்கு எரிந்தது. உன் அத்தான் அதைக் குனிந்து பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அவர் அகராதியில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. விளக்கை மட்டும் நம்பிவிடுவேனா? எல்லா ஒயரையும் கழற்றி ஓய்வில் விட்டுவிட்டு மறுபடி அளந்தேன், பன்னிரண்டைத் தாண்டிய எண் அசையாமல் நின்றது. பிறகு படகில் பொருத்தி, ஆற்று வளைவுவரை போய், நீரோட்டத்துக்கு எதிராகவே திரும்பி வந்தேன். மோட்டார் ஒரு தடவைகூட முனகவில்லை.

பேட்டரி ஏன் காலியானது என்றும் கண்டுபிடித்தேன். முன்பக்க விளக்கின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. யார் போட்டது என்று சொல்ல மாட்டேன். சென்றமுறை அந்த வெளிச்சத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டது நீயும் உன் மனைவியும் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஆகவே படகு என்னுடையது. ஒப்புக்கொண்டு இரண்டு வரி எழுது, "சரிக்கா" போதாது. உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், முடிந்தால் உன்னைவிடப் பொறுமைசாலிகளாக வளரட்டும்.

உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்துவிட்டேன். செத்துப்போச்சு என்று சொன்ன வாய்க்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐஸ் கம்பெனிக்காரரைப் படகில் உட்காரவைத்து, மேலே எழுதிய அத்தனையையும் விளக்கிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். அவரும் மாணவனைப்போல் தலையாட்டிக் கேட்டார். இறங்கும்போது, "ஓடாத படகுக்குத்தான் அந்த விலை சொன்னேன் டீச்சரம்மா. ஓடுதுன்னா ரெண்டு மடங்கு தர்றேன். ஞாயித்துக்கிழமை உங்க தம்பியை நேர்லயே பாத்துப் பேசிடறேன்" என்றார். இரண்டு மடங்கு என்றால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால் இதை உன் அத்தான் கையில் கொடுத்து இன்றே அனுப்புகிறேன். மேலே உள்ளது எதையும் நீ படிக்கவில்லை. பேட்டரி செத்துவிட்டது. சார்ஜ் ஏறவே இல்லை. அவர் வந்தால், அந்த ஒரு சுற்று ஏதோ தற்செயலாக ஓடியது, என் அக்காவுக்கு இதிலெல்லாம் ஒன்றும் தெரியாது, அவள் பேச்சை நம்பிப் பணத்தைப் போடாதீர்கள் என்று சொல்லிவிடு. நீ சொன்னால் நம்புவார். எத்தனையோ வருஷமாக எல்லோரிடமும் நீ அதைத்தானே சொல்லி வருகிறாய்.