கம்ப்யூட்டர் ஆட்டுக்குக் காய்ச்சல்

கடத்தூர் வட்டாரத்தில் எங்கள் ஊசிக்காரரை நம்பாத மனிதர்கள் உண்டு. நம்பாத மாடு ஒன்றுகூடக் கிடையாது. கால்நடை மருந்தகத்தில் வேலை. சொந்தப் பெயர் என்று ஏதாவது இருந்திருக்கும்; யாரும் கேட்டதில்லை.

மாட்டைக் கேட்காமல் ஊசி போட மாட்டார். "ஏனுங்கம்மா, போடட்டுங்களா?" என்பார். உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாட்டின் குரலில் அவரே பதிலும் சொல்வார்: "போடுங்க. ஆனா போன தடவையாட்டம் குத்தீராதீங்க." ஒருநாள் எங்கள் செவலை மாடு சம்மதிக்கவில்லையாம். ஊசியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார்.

"அவுங்களுக்கு இன்னிக்கி மனசு சரியில்லீங்க. நாளைக்கி வர்றேன்."

என் மகள் கயல் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். பத்து வருஷமாகப் பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன் நான். என் ஜோக்கைக் கேட்டுவிட்டு ஏழு வயசுப் பெண், "முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

"மாட்டு ஊசிக்காரரு மேலயா பொறாமை? வெளிய சொல்லீராதீங்க" என்றாள் என் மனைவி.

பொறாமைதான். அதற்கென்ன இப்போது? கரடியும் ஆடும் கழுதையும் நிஜ மனிதர்களோடு பேசி நடிக்கும் படம் ஒன்று தர்மபுரிக்கு வந்தது. கயலைக் கூட்டிப்போய் ஒரு தடவையாவது என் பக்கத்தில் சிரிக்கவைத்துவிடுவது என்று கிளம்பினேன். "ஊசி மாமாவும் வரணும்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சரி, வரட்டும். தியேட்டரில் இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

படம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. ஊசிக்காரர் என் தோளைத் தட்டினார்.

"அந்த ஆட்டுக்குக் காய்ச்சலுங்க."

"அது கம்ப்யூட்டர்ல செஞ்ச ஆடுங்க!"

"எதுல செஞ்சா என்னங்க? வந்ததுலருந்து ஒருக்காகூட அசை போடலியே!"

அதற்குப் பிறகு நானும் ஆட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுதையோ செய்தி வாசிப்பதுபோல் தமிழ் பேசியது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு திடீரென்று சவுண்டு போய்விட்டது. படம் மட்டும் ஓடுகிறது. ஒரே விசில். "பாவமுங்க, வாயத் தொறந்து என்னமோ சொல்லுதுங்க, கேக்க ஆளில்ல" என்று எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார் ஊசிக்காரர்.

கரடி கேட்டது: "ஏம்பா கழுத, ஏரியூர் பஸ்ஸு போயிருச்சா?"

கழுதை சொன்னது: "போயிருச்சுங்க. வூட்டுக்கு நடந்துதான் போவணும்."

ஆடு முனகியது: "எனக்குக் காய்ச்சல்னு ஊசிக்காரரு ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சுது!"

தியேட்டரே அதிர்ந்தது. சவுண்டு திரும்பி வந்தபோது, "சவுண்டு வேணாம்!" என்று குழந்தைகள் கத்தினார்கள். கயல் என் மடியில் ஏறி மிதித்து அந்தப் பக்கம் தாண்டிப் போய்விட்டாள். மொத்தப் பாப்கார்னையும் நானே தின்று தீர்த்தேன்.

அடுத்த மாதமே அவருக்குச் சித்தேரி மலைக்கு மாற்றல் வந்தது. ஒளிப்பானேன், சந்தோஷப்பட்டேன். அது இரண்டு நாள்தான். கயல் தினமும் செவலையிடம் போய் ஏதோ கேட்பாள். பதில் வராமல் திரும்பிவருவாள். வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை. "நீயாச்சும் பேசுப்பா" என்றாள் ஒருநாள். மாட்டுக் குரலில் பேசினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாட்டின் கழுத்தைத் தடவி அதற்கு ஆறுதல் சொன்னாள்.

போன வாரம் அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. நானே சித்தேரிக்குப் போன் போட்டேன். மலை பஸ் பிடித்து இறங்கி வந்தார். கயலுக்குப் பக்கத்து சீட்டை அவருக்கே விட்டேன். ஆனால் மனிதர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"பேசுங்க மாமா" என்றாள் கயல்.

"இன்னிக்கி சவுண்டு நல்லாருக்குது சாமி. அதுகளே பேசிக்குதுங்க, எனக்கு வேலையில்ல."

அவள் முகம் சுருங்கிவிட்டது. அவர் முகமும்தான். இடைவேளையில் முறுக்கு வாங்கப் போவதாகச் சொல்லி, மாடியேறி ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டினேன்.

"தம்பி, ஒரு பத்து நிமிஷம் சவுண்டை நிறுத்த முடியுங்களா? எங்க ஆட்டுக்குக் காய்ச்சலுங்க."