ருசிப் பதிவேடும் என் வயிற்றுவலியும்

விருத்தாசலம்,
வியாழக்கிழமை

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் வக்கீல் ராபர்ட் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் சவரிராஜ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து தோத்திரம் சொல்லி எழுதுவது. அங்கே அனைவரும் ஆண்டவர் கிருபையால் நலம் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம். ஆனால் அதை வெளியே சொல்ல முடியாத நிலைமை. போனில் பேசினால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும், வாட்ஸ்அப்பில் போட்டால் பங்குச் சாமியார் வரைக்கும் போகும் என்பதால் இந்தக் காகிதம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளியில் சத்துணவு சாம்பார் சாதம் சாப்பிட்ட இருபத்திரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். எல்லாரும் தேறிவிட்டார்கள், பயமில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி ராஜ்மோகன் நேரே ருசிப் பதிவேட்டைக் கேட்டார். பிள்ளைகளுக்குப் போடும் முன்னால் தலைமையாசிரியனாகிய நான் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தில் நான் ஒரு நாள் தவறியதில்லை. சாப்பிடுவதுதான் உங்கள் தங்கை ஜெசி கட்டிக் கொடுக்கிற மீன் குழம்பு. ருசி பார்க்கவென்று வாங்கிய நம்மூர்ப் பீங்கான் தட்டில் குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன்.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாப்ட்ட புள்ளைங்க அத்தினி பேரும் படுத்துக் கெடக்குதுங்க. மொதல்ல சாப்ட்ட நீங்க மட்டும் எப்படி சார் கல்லாட்டம் இருக்கீங்க?" சாப்பிடவில்லை என்றால் சஸ்பெண்டு, ரிட்டயராக எட்டு மாதம்தான் இருக்கிறது, பென்ஷன் என்ன ஆகும்? சாப்பிட்டேன் என்றால் வாந்தி எடுத்தாக வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே சரிந்தேன், மச்சான். ஆம்புலன்ஸ் வந்தது. இங்கே டம்ளர் டம்ளராக உப்புக்கரைசல் கொடுத்ததில், ஏழாவது டம்ளருக்கு நிஜமாகவே வாந்தி வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் ஆறாம் வகுப்பு வெண்பா. "சார், உங்க டப்பாவுல மீன் வாசனதான வந்துச்சு?" என்று நர்சுக்குக் கேட்கிற மாதிரி விசாரிக்கிறாள். படிப்பில் இந்தக் கூர்மையைக் காணோம்.

பழி இப்போது சமையல் செய்கிற அன்னமேரி மேல். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி நாறுகிறது, கழுவ ஆள் விடுங்கள் என்று போன வாரமே சொன்னாள். எழுதிக் கொடு என்றேன். எழுதியும் கொடுத்தாள், படிக்கத்தான் எனக்கு நேரம் வாய்க்கவில்லை. இன்று காலை கஞ்சியோடு வந்து நின்றாள். "பதினோரு வருசமா என் சமையல நீங்க வாயில வச்சதில்ல சார். இதையாவது குடிங்க." குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் அவளுக்கு நாலு வீட்டில் வேலை கிடைக்கும், எனக்கு இன்னொரு பென்ஷன் கிடைக்குமா? ஆகவே தவறு சமையலில்தான், நானும் பாதிக்கப்பட்டவன் என்று, சட்டம் தெரிந்த நீங்கள் ஒரு விளக்கம் எழுதி அனுப்பவும்.

மாதா உங்கள் வீட்டில் அனைவரையும், முக்கியமாக வயிற்றையும், காப்பாளாக. உங்கள் பேரன் சாவியோவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட
சவரிராஜ்

பின்குறிப்பு: விளக்கம் வேண்டாம். உறையை ஒட்டுகிற நேரத்தில் ராஜ்மோகன் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். குண்டூசித் தட்டுக்கு அடியில் கிடந்த அன்னமேரியின் காகிதம் அவர் கையில். கோளாறு தொட்டித் தண்ணீரில்தானாம். அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு பதிவேட்டை நீட்டி என்னையே வாசிக்கச் சொன்னார். திங்கட்கிழமையே வாரம் முழுதுக்கும் எழுதி முடிப்பது என் வழக்கம். நாளைய சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று குறை வேறு சொல்லியிருக்கிறேன்.